எங்கள் சபை வளர்கிறதா, தேய்கிறதா? எதை வைத்துச் சொல்வது?

தென்பெண்ணைக்கரை | ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் தோத்திரம். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு சபையில் நான்கு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். சபையின் பெயர் வேண்டாம். இன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் பேசினோம். பாதியிலேயே இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மனசு சரியில்லாமல் இதை எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஞாயிறு ஆராதனைக்கு 140 பேர் வருவார்கள். இப்போது 65, மிஞ்சினால் 70. கிறிஸ்துமஸுக்கு மட்டும் பெஞ்சு பத்தாது. நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகையில் ஆரம்பித்த இன்னொரு சபையில் ஐந்தே வருடத்தில் 500 பேர் கூடுகிறார்கள். எங்கள் வாலிபர்களில் ஏழெட்டுப் பேர் அங்கேதான் போகிறார்கள். அதனால் கமிட்டியில் ஒரு தரப்பு, பெரிய திரை, நல்ல சவுண்ட் சிஸ்டம், ஆலயத்துக்குப் புது முகப்பு எல்லாம் செய்ய வேண்டும், 18 லட்சம் ஆகும், கடன் வாங்கலாம் என்கிறது. இன்னொரு தரப்பு, ஆள் எண்ணுவதே தப்பு, தாவீது ராஜா ஜனத்தைக் கணக்கெடுத்ததால் கொள்ளைநோய்தானே வந்தது என்று கேட்கிறது.

எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. ஒரு சபை ஆரோக்கியமாக வளர்கிறது என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? வசனத்தோடு, உங்கள் ஊரில் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அரூர் தம்பி | ஞாயிறு, இரவு 9.41

அண்ணா, நான் வாலிபர் பக்கம் நின்று பேசுகிறேன். ஆடம்பரத்துக்காகப் போகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்கள் ஆலயத்தில் போதகர் ஐயா பேசுவது பின் பெஞ்சுக்குப் பாதிதான் கேட்கும். பாட்டுப் புத்தகம் இல்லாதவர் வாயைத் திறக்க முடியாது. திரையில் பாட்டு வந்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கூடச் சேர்ந்து பாடுவார். அது ஆடம்பரமா?

இன்னொன்றும் இருக்கிறது. புது சபைக்குப் போனால் எங்களுக்கு வேலை கொடுக்கிறார்கள். கீபோர்டு வாசி, கேமரா பிடி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடு என்கிறார்கள். இங்கே எனக்கு 26 வயது. சபை விருந்தான அசனத்தன்று பெஞ்சு தூக்கவும் சோற்று அண்டா இறக்கவும் மட்டும்தான் இன்னும் கூப்பிடுகிறார்கள்.

ஓசூர் ஷிப்ட் | ஞாயிறு, இரவு 10.15

அண்ணா, 500 பேர் என்றதும் பயப்பட வேண்டாம். எங்கள் கதையைக் கேளுங்கள். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். சிப்காட் வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. நான் வந்தபோது எங்கள் சபையில் 90 பேர். இப்போது 400-க்கு மேல். ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் 'கர்த்தர் சபையைப் பெருகப்பண்ணினார்' என்று வாசிக்கிறார்கள், நானும் ஆமென் சொல்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத் தெற்கேயிருந்து வந்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். தமிழ்நாடு முழுக்கப் பார்த்தால் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் அதைவிட மிகக் குறைவு. அங்கே ஒரு பெஞ்சு காலியாகி இங்கே ஒரு பெஞ்சு நிறைந்திருக்கிறது. அண்டாவிலிருந்து குடத்துக்கு மாற்றிய தண்ணீரை மழைக்கணக்கில் எழுதிவிட்டோம்.

அதை வீண் என்று சொல்ல மாட்டேன். என் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. பன்னிரண்டு நாள் சபை அக்காமார்தான் முறை வைத்துப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். எந்த அறிக்கையிலும் அது வரவில்லை. எனக்கு அதுதான் சபை.

ஒரு வருத்தமும் உண்டு. ஆலயம் இருக்கிற தெருவிலேயே தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். இந்த 14 வருடத்தில் அவர்களில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போனோம், யார் வீட்டுச் சாவுக்குப் போனோம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 400 பேர் இருக்கிறோம், தெருவுக்கு நாங்கள் இன்னும் வெளியூர்க்காரர்கள்தான்.

சந்தூர் மாந்தோப்பு | திங்கள், காலை 5.50

தம்பிகளே, எனக்கு 67 வயது, படிப்பு கம்மி. நாற்பது வருடம் மாஞ்செடியோடு பழகியிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

ஒட்டுக்கன்று நட்டால் அடுத்த வருடமே பூ வைக்கும். வீட்டில் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் அந்தப் பூவைக் கிள்ளி எறிந்துவிடுவோம். மூன்று வருடம் வரைக்கும் காய்க்க விட மாட்டோம். விட்டால் வேரும் தண்டும் பலப்பட வேண்டிய சத்தெல்லாம் நாலு காய்க்குப் போய்விடும். அப்புறம் அந்தச் செடி கடைசிவரைக்கும் நோஞ்சான்தான். பார்க்கிறவனுக்கு 'இவன் செடி மூன்று வருடமாகக் காய்க்கவில்லையே' என்றுதான் தோன்றும். அந்த மூன்று வருடமும் கீழே வேர் ஓடிக்கொண்டிருப்பது தோட்டக்காரனுக்குத் தெரியும்.

ஒட்டுக்குக் கீழே, அடிக்கன்றிலிருந்து ஒரு தளிர் கிளம்பும். நல்ல செழிப்பாக, மேல்கிளையைவிட வேகமாக வளரும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் ஒட்டு செத்துப் போகும், காட்டு மாங்காய்தான் மிஞ்சும். வேகமாக வளர்வதெல்லாம் நாம் நட்டது அல்ல.

இன்னொன்று கல்டார் மருந்து. காய்க்காத வருடத்திலும் காய்க்க வைக்கும். அளவோடு, உரமும் தண்ணீரும் கொடுத்து ஊற்றினால் பரவாயில்லை. அளவு மீறி ஊற்றிய தோப்புகளில் தளிரே வராமல் கிளை குட்டையாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அல்போன்சா ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருடம் இளைப்பாறும். அதை நோய் என்று நினைத்து மருந்துக்கு ஓடுகிறவன் மரத்தைக் கெடுக்கிறான்.

உங்கள் சபை இளைப்பாறுகிறதா, பட்டுப்போகிறதா, அதை முதலில் பாருங்கள். கிளையை லேசாகக் கீறினால் தெரியும். உள்ளே பச்சை இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது.

அரூர் தம்பி | திங்கள், காலை 7.05

ஐயா, இதை எங்கள் வாலிபர் குழுவில் போட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். கீறிப் பார்ப்பது என்றால் சபையில் எதைக் கீறுவது?

பாலக்கோடு மகள் | திங்கள், இரவு 8.30

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை போனது. அவர் குடிக்க ஆரம்பித்தார். வெட்கத்தில் நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். வாசலில் யாராவது வந்து நிற்பார்களா என்று உண்மையிலேயே காத்திருந்தேன். அதே சபையில் எட்டு வருடம் ஞாயிறு பள்ளி எடுத்தவள் நான். ஐந்து மாதம் கழித்து ஒருவர் வந்தார். சந்தா பாக்கி, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை, இரண்டுக்கும் ரசீது புத்தகத்தோடு வந்தார். பாக்கியைக் கட்டினேன். 'ஏன் வரவில்லை' என்று அவர் கேட்கவில்லை.

அந்த வருட ஆண்டறிக்கையில் குடும்பங்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. அந்த எண்ணுக்குள் நானும் இருந்தேன்.

தம்பி, கீறிப் பார்ப்பது இதுதான். ஒருவர் வராமல் போனால் எத்தனை நாளில் தெரிகிறது? யாருக்குத் தெரிகிறது? தெரிந்தவர் என்ன செய்கிறார்? புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தென்பெண்ணைக்கரை | திங்கள், இரவு 9.10

சகோதரி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பப் பதிவேட்டில் 112 குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிறன்று 70 பேர். மற்றவர்கள் எங்கே என்று நான் ஒருநாளும் தனியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. செயலாளராக அது என் வேலை. உங்களிடம் ரசீதோடு வந்தவரின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

எலத்தகிரி டீச்சர் | செவ்வாய், மாலை 6.45

இயேசுவுக்குப் புகழ். நான் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள், நடுவில் பேசலாம்தானே.

1997-ல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து தர்மபுரி மறைமாவட்டம் பிரிந்தது. இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். பங்குகள் பரந்து கிடக்கின்றன. ஒரு பாதர் ஞாயிறன்று மூன்று, நான்கு ஊர்களில் பூசை வைக்க வேண்டியிருக்கும். எல்லா வீட்டையும் அவரே பார்ப்பது நடக்காத காரியம். எங்களுக்கு உதவியது அன்பியம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற 25, 30 குடும்பங்கள் ஒரு அன்பியம். மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி வாசகம் படித்து, அந்த மாதம் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று பேசுவோம். யாரோ ஆஸ்பத்திரியில் இருந்தால் மறுநாள் இரண்டு பேர் போவார்கள்.

எல்லா அன்பியமும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலது ஜெபமாலை சொல்லி டீ குடித்துக் கலைந்துவிடும். நன்றாக நடக்கிறவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. அங்கே பொறுப்பில் இருப்பவர் பெரும்பாலும் வசதியில்லாத வீட்டுப் பெண்மணி. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத்தான் தெரிகிறது.

சிறு சபை ஊழியன் | செவ்வாய், இரவு 11.20

பென்னாகரம் பக்கம் ஒரு சின்னச் சபையை நடத்துகிறேன். எந்தப் பெரிய அமைப்பும் பின்னால் இல்லை. 38 பேர் வருகிறார்கள். முதல் முறையாக இதை வெளியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மாதா மாதம் உதவி அனுப்புகிறவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் 'எத்தனை ஆத்துமா சேர்ந்தது, போட்டோ அனுப்புங்கள்' என்று கேட்பார்கள். இரண்டு வருடம் ஒழுங்காக எழுதினேன். மூன்றாம் வருடம் உதவி குறையும் என்று தெரிந்தபோது, கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு வந்தவர்களையும் சேர்த்து எண்ணி அனுப்பினேன். அடுத்த மாதம் அதைவிட அதிகம் காட்ட வேண்டியிருந்தது. ஒருவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போகும்போதுகூட 'இவர் சேருவாரா' என்ற கணக்கு மனசில் ஓட ஆரம்பித்தது. துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குள்ளே அந்தக் கணக்கு ஓடுகிறது. அன்று இரவு தூங்க முடியவில்லை.

உண்மையை எழுதி அனுப்பினேன். உதவி பாதியாகக் குறைந்தது. இப்போது பகலில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். 38 பேரில் ஒவ்வொருவர் பெயரும், அவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போன வருடம் அவர்களில் இரண்டு குடும்பம் பெங்களூர் கட்டட வேலைக்குப் போனது. சித்தாள் வேலை பார்க்கிற அந்த அக்கா அங்கே கொட்டகையில் மற்ற வேலைக்காரப் பெண்களோடு சேர்ந்து புதன்கிழமை ராத்திரி ஜெபிக்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏற்பாடும் பண்ணவில்லை. மாற்கு நான்காம் அதிகாரத்தில் விதைத்தவன் தூங்கி எழுந்திருக்கிறான், விதை அவனுக்குத் தெரியாமலே முளைக்கிறது. அதைப் படித்துப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், அந்த அக்கா போனில் சொன்ன அன்றைக்குத்தான் புரிந்தது. என் பதிவேட்டில் இரண்டு குடும்பம் குறைவு.

கணக்குப் பார்க்கிறவன் | புதன், காலை 9.30

18 லட்சம் கடன் பற்றி மட்டும் சொல்கிறேன். 70 பேர் வருகிற சபையின் மாதக் காணிக்கை எவ்வளவு, அதில் போதகர் சம்பளம், கரண்ட் பில், மேலிடத்துக்குக் கட்டுவது போக என்ன மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். மிஞ்சுவதில்தான் தவணை போகும். தவணைக்காகக் காணிக்கை கேட்க ஆரம்பித்தால் ஏழைகள் மெதுவாக ஒதுங்கிவிடுவார்கள், வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். இரண்டு சபைகளின் கணக்கில் இதைப் பார்த்துவிட்டேன். அப்புறம், வரவு செலவை மாதா மாதம் ஆலய வாசலில் ஒட்டுங்கள். ஒட்டத் தயங்குகிற சபையில் ஆயிரம் பேர் இருந்தாலும் எனக்கு அதன் ஆரோக்கியத்தில் சந்தேகம்தான்.

ஓய்வு ஆசிரியர், கிருஷ்ணகிரி | புதன், இரவு 8.00

நல்ல விவாதம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எண்ணுவது தப்பு என்கிற தரப்புக்கு முதலில் பதில். அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா எண்ணுகிறார். பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள் என்கிறார். ஆனால் எண்ணைச் சொன்ன கையோடு அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்றும் சொல்கிறார். உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம், தேவைப்பட்டவனுக்குப் பங்கிட்டது. எண்ணைத் தனியாக விடவே இல்லை.

ஆறாம் அதிகாரம்தான் நம் கமிட்டிகள் உட்கார்ந்து படிக்க வேண்டியது. சீஷர்கள் பெருகின அதே நாட்களில் ஒரு புகார் வருகிறது. கிரேக்கு மொழி பேசுகிறவர்களின் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் கவனிப்பு இல்லை. கூட்டம் பெருகியதால் வந்த பிரச்சினை அது. அப்போஸ்தலர்கள் அதை முறுமுறுப்பு என்று அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கம் பந்தியில் விடுபட்டதோ அந்தப் பக்கத்துப் பெயர்களின் கையில் பந்தியைக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை மிகவும் பெருகியது என்று ஏழாம் வசனம் சொல்கிறது. அந்த வரிசை முக்கியம்.

இதை நம் ஊரில் வைத்துப் பார்த்தால் சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. டொனால்ட் மெக்காவ்ரன் என்ற மிஷனெரி 1897-ல் மத்திய இந்தியாவில் தமோ என்ற ஊரில் பிறந்தவர். இந்தியாவில் பல வருடம் ஊழியம் செய்து, சபை வளர்ச்சி என்பதையே ஒரு பாடமாக ஆக்கியவர். சாதி, மொழி, இனத் தடையைத் தாண்டாமல் தம் சொந்த ஜனத்தோடு சேர்ந்து வரத்தான் மனிதர்கள் விரும்புகிறார்கள், அப்படி விட்டால் சபை வேகமாகப் பெருகும் என்றார். அவர் சொன்னதில் கண்கூடான உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் பல சபைகள் அப்படிக் குடும்பம் குடும்பமாகத்தான் உண்டாயின. ஆனால் வந்த பிறகும் அந்தத் தடையை அப்படியே வைத்திருந்தோமே, தனிப் பெஞ்சும் தனிக் கல்லறையுமாக. அது வளர்ச்சியா? எண்ணிக்கையில் பெருகியதும் உண்மை, உடம்பில் நோய் இருந்ததும் உண்மை. பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கீழே இடமும் கொடுப்பதை யாக்கோபு கண்டித்தபோது அந்தச் சபையில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

பதிவேட்டு எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் இல்லை. அதனால் மனதார விசுவாசிக்கிற பலர் பிள்ளைகளின் படிப்பை நினைத்துப் பெயர் கொடுக்கத் தயங்குகிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதிவேட்டைக் காட்டி 'சபை சிறியது' என்று சொல்லும்போது அந்த வெளியே நிற்கிறவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணகிரிக் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1895-ல் தியோடர் நேத்தர் என்ற லுத்தரன் மிஷனெரி இந்தப் பக்கம் வந்தார். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன்களின் இந்திய ஊழியம் தொடங்கியது நம் கிருஷ்ணகிரியில்தான். 1904-ல் பிளேக் நோய் வந்து அவர் இறந்தார். ஒன்பது வருட ஊழியம். அன்றைய வருட அறிக்கையை வாசித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 1907-ல் அந்த ஊழியம் நாகர்கோவில் பக்கம் போனது. 1958-ல் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை என்று தன் காலில் நின்றது. ஒன்பது வருடத்தைக் கொண்டு அளந்தால் ஒன்று தெரிகிறது, அறுபது வருடத்தைக் கொண்டு அளந்தால் வேறொன்று தெரிகிறது.

ஓசூர் ஷிப்ட் | புதன், இரவு 10.40

ஐயா, அந்த ஏழு பெயர்கள் விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. அதைப் படித்ததும் எங்கள் கமிட்டியில் பதினோரு பேரையும் மனசில் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள், எல்லாரும் ஆண்கள்.

எலத்தகிரி டீச்சர் | வியாழன், காலை 6.10

சார் சொன்ன கல்லறை விஷயம் எங்கள் பக்கமும் உண்டு. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

சார் ஒன்றை விட்டுவிட்டார், நான் சேர்க்கிறேன். வெள்ளைக்கார மிஷன்களிலேயே ஹென்றி வென் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு அளவுகோல் சொன்னார். ஒரு சபை தன்னைத் தானே நடத்த வேண்டும், தன்னைத் தானே தாங்க வேண்டும், தானே பரவ வேண்டும். பிறகு 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் நம் தமிழ் ஊழியர் அசரியா, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். வென் சொன்ன மூன்றும் இருந்தும் நட்பு இல்லாத சபை இருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாலக்கோடு சகோதரி இருந்தது அப்படிப்பட்ட சபையில்.

பாலக்கோடு மகள் | வியாழன், இரவு 9.00

டீச்சர், நன்றி.

தென்பெண்ணைக்கரை | ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 10.00

இழை கீழே போய்விட்டது, இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு நானும் போதகர் ஐயாவும் கமிட்டியில் இன்னும் மூன்று பேருமாக வீடு வீடாகப் போனோம். ரசீது புத்தகத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கொண்டோம். 112-ல் 104 குடும்பங்களைப் பார்த்தாயிற்று, சிலரைப் போனில். 29 குடும்பம் பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று பிழைக்கப் போயிருக்கிறது. அதில் பாதிப் பேர் அங்கே ஏதோ ஒரு சபைக்குப் போகிறார்கள், பாதிப் பேர் எங்கும் போவதில்லை. நடக்க முடியாத முதியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவருக்கு ஒன்றரை வருடமாகத் திருவிருந்தே கொடுக்கப்படவில்லை. அந்த வீட்டில் போதகர் ஐயா அழுதுவிட்டார்.

நாங்கள் யாருமே யோசிக்காத ஒன்றும் தெரிந்தது. பன்னிரண்டு குடும்பம் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையை நம்பிப் பிழைக்கிறது. காய்கறி, கோழி, ஆட்டுத் தரகு, வண்டிச் சுமை. அவர்களுக்கு வாரத்தில் பெரிய வருமானமே அந்த ஒரு நாள்தான். 'விசுவாசத்தில் பின்வாங்கிப் போனவர்கள்' என்று அவர்களைப் பற்றி நானே கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். இப்போது மூன்று வாரமாக அவர்களில் ஒருவர் வீட்டில் சனிக்கிழமை சாயந்திரம் ஆராதனை வைக்கிறோம். போன வாரம் 31 பேர். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துப் பாட்டி ஒருவரும் வந்து உட்கார்ந்தார், முழங்கால் வலிக்காக ஜெபிக்கச் சொன்னார்.

ஏழு குடும்பம் நெடுஞ்சாலைச் சபைக்குப் போய்விட்டார்கள். அங்கே நன்றாக இருக்கிறோம் என்று சொன்னார்கள். அவர்களுக்காக ஜெபித்துவிட்டு வந்தோம். அந்தச் சபைப் போதகரையும் போய்ப் பார்த்தேன், நல்ல மனிதர். நான்கு குடும்பம் வரமாட்டோம் என்று கோபமாகச் சொன்னது. அதில் இரண்டு குடும்பத்தின் கோபம் நியாயமானது. அசனப் பந்தியில் அவர்களைக் கடைசியில் உட்கார வைத்தது எங்கள் தப்பு. ஆசிரியர் ஐயா எழுதியதை அச்செடுத்துக் கமிட்டியில் வாசித்தேன். இந்த வருட அசனப் பொறுப்பையும் உதவி நிதிப் பெட்டியின் சாவியையும் அந்த வீட்டு அக்கா ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதில் பெரிய சண்டை வந்தது. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. மூத்த உறுப்பினர் ஒருவர் அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவர் எனக்கு ஞானஸ்நான சாட்சியாக நின்றவர். அது இன்னும் வலிக்கிறது.

கடன் வாங்கவில்லை. வாசலில் மாதக் கணக்கு ஒட்டியாயிற்று. ஞாயிறன்று இன்னும் 70 பேர்தான், போன வாரம் 68. திரை இப்போதைக்கு இல்லை. ஆனால் பின் பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று அரூர் தம்பி சொன்னது சரி. எங்கள் ஆலயத்திலும் அதே கதைதான். மைக்கை போட்டாலே ஊம் என்று ஒரு சத்தம்.

சந்தூர் மாந்தோப்பு | ஞாயிறு, காலை 5.30

உள்ளே பச்சை இருக்கிறது தம்பி. அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஒருமுறை நீங்களே போய்விட்டு வாருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அரூர் தம்பி | ஞாயிறு, மதியம் 1.15

அண்ணா, ஊம் என்று வருவது பெரும்பாலும் எர்த் சரியில்லாததால் வருவது, இல்லையென்றால் கரண்ட் ஒயரும் மைக் ஒயரும் ஒன்றாக ஓடுவதால் இருக்கும். புது செட் வாங்காமலே சரி பண்ணலாம். மிக்சரையும் ஸ்பீக்கர் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வருகிற சனிக்கிழமை நானும் நண்பன் ஒருவனும் பைக்கில் வருகிறோம். மைக்கை முடித்துவிட்டு அப்படியே போச்சம்பள்ளி வீட்டு ஆராதனைக்கும் வரலாமா? கீபோர்டு கொண்டுவருகிறேன்.

தென்பெண்ணைக்கரை | ஞாயிறு, மதியம் 2.00

தாராளமாக வாங்க தம்பி. ஆலயச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, பதினொரு மணிக்குத் திறந்து வைக்கிறேன். மதியச் சாப்பாடு நம் வீட்டில். அந்த வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும், கீபோர்டுக்கு பேட்டரி போட்டுக் கொண்டுவாருங்கள்.